தனுஷ்கோடியைக் கணினித் திரையில் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. அரசு அறிக்கைகள், பழைய செய்தித்தாள்கள், முதியோரின் வாய்மொழி வரலாறுகள் ஆகியவற்றை மின்னூலகங்களில் எப்படித் தேடுவது, நம் வீடுகளில் இருப்பவற்றை எப்படி அங்கே சேர்ப்பது என்று தொண்டி முதல் மண்டபம், பாம்பன் வரை பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் பாட்டி தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயலுக்குப் பிறகு எங்கள் குடும்பம் இங்கே வந்து சேர்ந்தது. புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியைப் பற்றிய ஆவணங்களைச் சென்னைக்குப் போகாமல் படிக்க முடியுமா? இணையத்தில் தேடினால் சுற்றுலாப் படங்கள்தாம் வருகின்றன.
– கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்

பெரும்பகுதியைப் படிக்க முடியும். ஆனால் பொதுவான தேடுபொறியில் ஊர்ப்பெயரை இட்டுத் தேடினால் நீங்கள் சொல்வதுபோல் இடிந்த தேவாலயத்தின் படங்களே வரும். ஆவணங்கள் இருக்கும் இடத்துக்கே சென்று தேட வேண்டும்.

முதலில் 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். புயலுக்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டது என்பதால், உயிரோடு இருந்த தனுஷ்கோடியைச் சூழ்ந்த தீவின் நிலையை அரசு எண்ணிப் பார்த்த கடைசிக் கணக்கு அதுவே. அந்தக் கணக்கெடுப்பின் ராமநாதபுரம் மாவட்டக் கையேட்டை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் மின்னூலகத்தில் தேடுங்கள். அதன் அட்டவணைகளில் எத்தனை வீடுகள், எத்தனை பேர், யார் எந்தத் தொழில் செய்தனர் என்பதை வரிவரியாகப் படித்துப் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். அவர் திருத்துவார், அந்தத் திருத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1972-இல் வெளியான ராமநாதபுரம் மாவட்ட விவரச் சுவடி. ஊர்களின் வரலாறு, தொழில், போக்குவரத்து ஆகியவை அதில் தொகுக்கப்பட்டுள்ளன. மீன்வளம் பற்றிய பழைய ஆய்வுகளுக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தைத் திறந்தால் போதும். இன்று கொச்சியில் இருக்கும் அந்நிறுவனத்தின் தலைமையகம் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது. அதனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுதப்பட்ட அதன் கட்டுரைகளில் நம் கரையின் மீன்களும் பாசிகளும் வலைகளும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றைக் கட்டணமின்றித் தரவிறக்கலாம்.

தேடும்போது மனத்தில் கொள்ள வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 1910-இல்தான் உருவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய தாள்கள் மதுரை மாவட்டத்தின் பெயரிலேயே அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கும். பழைய ஆங்கில ஏடுகளில் ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலும் வேறு: ராமநாதபுரம் ‘ராம்நாட்’ என்றும், மதுரை ‘மதுரா’ என்றும், திருநெல்வேலி ‘தின்னவேலி’ என்றும் வரும். சங்குக்கு இன்று நாம் பள்ளியில் படிக்கும் ஆங்கிலச் சொல்லை இட்டுத் தேடினால் பழைய அறிக்கைகள் அகப்படமாட்டா. நம் ‘சங்கு’ என்ற சொல்லிலிருந்தே வந்த ‘சாங்க்’ (chank) என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேட வேண்டும். ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் மதராஸ் மீன்வளத் துறைக்காக எழுதிய சங்கு பற்றிய விரிவான அறிக்கை அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. இத்தனைக்கும் அது இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) பல ஆண்டுகளாகவே இருந்திருக்கிறது.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோப்புகள் எல்லாம் இணையத்துக்கு வந்துவிடவில்லை. அங்கே எழுதிக் கேட்பதாக இருந்தால் துறையின் பெயர், அரசாணை எண், நாள் மூன்றையும் குறிப்பிடுங்கள். வருவாய்த் துறைத் தாள்கள் பசலி ஆண்டில் இருக்கும். பசலி ஆண்டு என்பது வருவாய்க் கணக்குக்கான ஆண்டு, ஜூலை முதல் நாள் தொடங்குவது. புயல் அடித்த 1964 டிசம்பர், பசலி 1374-இல் விழும். இந்த ஓர் எண்ணை எழுதினால் காப்பக அலுவலருக்குப் பல நாள் வேலை மிச்சமாகும்.

கடலின் அக்கரையையும் மறந்துவிடாதீர்கள். 1914 முதல் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. அந்தப் புயல் மன்னாரையும் தாக்கியது. இலங்கைத் தமிழரின் ‘நூலகம்’ மின்னூலகத்தில் அந்நாட்டின் பழைய இதழ்கள் பல வைக்கப்பட்டுள்ளன. உங்கள் பாட்டியின் ஊரைப் பற்றி மதுரை இதழ்களில் இல்லாத செய்தி யாழ்ப்பாண, கொழும்பு இதழ்களில் இருக்க வாய்ப்புண்டு.

என் வாப்பாவுடைய வாப்பா சேர்த்துவைத்த செய்தித்தாள்களும் அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் தமிழ்) எழுதிய சில ஏடுகளும் இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. ஓரங்கள் பொடியாக உதிர்கின்றன. லேமினேஷன் செய்துவிட்டால் நிலைக்குமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எந்த வல்லுநராலும் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க இயலாது; உள்ளே மாட்டிக்கொண்ட அமிலம் தாளைத் தின்றுகொண்டே இருக்கும். செல்லோடேப்பும் கூடாது. செய்தித்தாள் மலிவான மரக்கூழால் ஆனது என்பதால் இயல்பாகவே பழுப்பேறி நொறுங்கும். நம் ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. இரும்புப் பெட்டி துருப்பிடித்து, மழைக்காலத்தில் உள்ளே வியர்த்து, அடித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். தாள்களை வெளியே எடுத்து, மென்மையான தூரிகையால் தூசி தட்டி, துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில், தரையிலிருந்து உயர்ந்த அலமாரியில் படுக்கைவாக்கில் வையுங்கள்.

பிறகு படமெடுங்கள். அங்குலத்துக்கு 300 முதல் 400 புள்ளிகள் வரை, வண்ணத்தில், டிஃப் வடிவில் மூலப்படி ஒன்று இருக்க வேண்டும். படிப்பதற்குப் பிடிஎஃப் படி தனியாக இருக்கட்டும். தாளின் நான்கு ஓரங்களும் படத்துக்குள் வர வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். நான் நூலகப் பணியில் இருந்தபோது, ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் பழைய உள்ளூர் இதழ் ஒன்றின் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படமெடுத்துக் கொண்டுவந்தார். அச்சு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அழகுக்காக மேல் ஓரத்தை வெட்டியிருந்தார். நாளும் இதழ் எண்ணும் அந்த ஓரத்தில்தான் இருந்தன. கோப்புகளின் பெயரோ ‘ஸ்கேன் 1’, ‘ஸ்கேன் 2’ என்றே போனது. மூல இதழ்கள் அதற்குள் எடைக்குப் போய்விட்டன. ஒவ்வொரு செய்தியும் எந்த ஆண்டுக்குரியது என்று கண்டுபிடிக்கப் பல மாதங்கள் உழைத்தோம். பாதிக்குமேல் இன்றும் நாளில்லாமலே கிடக்கின்றன. ஆகவே கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், பக்கம் என்ற வரிசையில் எழுதிவிடுங்கள்.

அரபுத்தமிழ் ஏடுகளுக்கு இன்னும் ஒரு கவனம் தேவை. அவை வலமிருந்து இடமாகச் செல்பவை. அந்த எழுத்தை அறியாத ஒருவர் தமிழ்ப் புத்தகத்தைப் போல இடப்பக்கமிருந்து எண்ணிட்டுவிட்டால், கடைசிப் பக்கம் முதலாகிவிடும். அரபுத்தமிழில் நூல்கள் எழுதிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் வாழ்ந்த உங்கள் ஊரில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். படமெடுப்பதற்கு முன்பே ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி, ஒவ்வொரு ஏட்டுக்கும் என்ன பொருள், யார் எழுதியது, யாருக்காக என்று இரண்டு வரி தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வரி இல்லாத ஏடு எந்த மின்னூலகத்துக்குப் போனாலும் ‘அரபு எழுத்துச் சுவடி’ என்ற பொதுப்பெயரில் புதைந்துவிடும்.

நீங்கள் சேர்க்க நினைக்கும் இடங்களில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் முதலில் அணுகத்தக்கவை. ரோஜா முத்தையா தம் தொகுப்பைச் சேர்த்தது கோட்டையூரில். அன்று அது ராமநாதபுரம் மாவட்டம். தனியொருவர் பழைய தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்ததால் விளைந்த அந்த நூலகத்தை நினைக்கும்போதெல்லாம் நம் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சில பழைய இதழ்களின் படங்கள் மின்னூலகத்தில் இருந்தும், உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் எதுவும் வருவதில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், தொண்டி

படமாக மட்டும் இருக்கும் பக்கத்தில் சொல்லைத் தேட முடியாது. எழுத்துணரி மென்பொருள் அதைப் படித்து எழுத்தாக மாற்றியிருக்க வேண்டும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான இதழ்களில் ‘ணை’, ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ போன்றவை பழைய வடிவில் இருப்பதால் மென்பொருள் தடுமாறும். மங்கிய அச்சு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே சொல்லைப் பல விதமாக முறித்துத் தேடிப் பாருங்கள். அதைவிட, நாளைக் கொண்டு தேடுவதே பலன் தரும்: நிகழ்ச்சியின் நாள் தெரிந்தால் அடுத்த நான்கைந்து நாள் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். மதுரைப் பதிப்பா, சென்னைப் பதிப்பா என்றும் பாருங்கள். நம் கரையின் செய்திகளைத் தாங்கி வந்தவை மதுரைப் பதிப்புகள். தினத்தந்தி 1942-இல் தொடங்கப்பட்டதே மதுரையில்தான்.

விடுதலைக்கு முந்தைய காலமென்றால் வேறொரு வழியும் உண்டு. நாட்டு மொழி இதழ்கள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிப்பதற்காக, மதராஸ் அரசு அவற்றின் செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கி, தன் அதிகாரிகளுக்கு மட்டும் அறிக்கையாக அச்சிட்டு வந்தது. மூல இதழ்கள் பல அழிந்துவிட்ட நிலையில், கண்காணித்தவர்களின் சுருக்கத்தில்தான் அவற்றின் குரல் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் பள்ளி மாணவர்களைக் கொண்டு மீனவ முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எந்தக் கருவி, எந்த முறை, அவர்களின் பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றலாமா என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.
– ஓர் ஆசிரியை, தேவிபட்டினம்

உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. கருவியைப் பற்றிக் கவலை வேண்டாம். நல்ல கைப்பேசியும், சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கியும், அதற்கொரு பஞ்சு உறையும் போதும். பஞ்சு உறை கட்டாயம், ஏனென்றால் நம் கரையில் காற்று பேச்சை விழுங்கிவிடும். வேவ் வடிவில் பதியுங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேர்க்க வேண்டாம். கேபிள் மூலம் கணினிக்கு மாற்றி, மூன்று இடங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்கும்படி வையுங்கள். காலத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பழுதுபார்க்கும் இடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். பள்ளிக்கு விடுமுறையும் அப்போதுதான்.

மாணவர்கள் ஆண்டைக் கேட்க வேண்டாம். “1964-இல் என்ன நடந்தது ஐயா?” என்றால் பெரியவர் படித்ததைச் சொல்வார். “புயலடிச்ச அன்னிக்கு நீங்க எந்த வாடியில இருந்தீங்க, அன்னிக்கு என்ன காத்து?” என்றால் தாம் கண்டதைச் சொல்வார். காற்றின் பெயர், வலையின் பெயர், கரையில் படகு ஏற்றிய இடம், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் ஓர் அடி ஆகியவற்றைத் தொட்டால் நினைவு தானாக அவிழும். பெண்களை விட்டுவிடாதீர்கள். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போன பெண்கள், 1986-இல் 21 தீவுகளை உள்ளடக்கிக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு தங்கள் பிழைப்பு எப்படி மாறியது என்பதைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அறிக்கைகளில் பாசி எத்தனை டன் என்று இருக்கும். மரிக்கொழுந்துப் பாசிக்கும் கட்டக்கோரைப் பாசிக்கும் விரலில் துணி சுற்றும் முறை எப்படி வேறுபடும் என்று அவர்களைத் தவிர யார் சொல்லப்போகிறார்கள்?

பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றாதீர்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சங்கு குளித்த பெரியவர் ஒருவரைப் பல ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தேன். “அந்தப் பார்ல எறங்கினா மணலே தெரியாது தம்பி” என்றார். எழுத்தில் படியெடுக்கும்போது ‘பாறை’ என்று திருத்திவிட்டேன். மறுவாரம் படித்துக் காட்டியபோது கையை நீட்டித் தடுத்தார். “பாறை வேற, பார் வேற. பார்ன்னா சிப்பி படுக்குற எடம். நீ எழுதினத படிச்சவன் என்னை என்னன்னு நெனப்பான்?” என்று கேட்டார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. தம் தொழிலை நான் அறியாமல் எழுதிவிட்டேனே என்ற வருத்தமே இருந்தது. முத்துச் சிப்பிப் படுகையைக் குறிக்கும் அந்தச் சொல் நூறாண்டுக்கு முந்தைய அரசு அறிக்கைகளிலும் ‘பார்’ என்றே இருக்கிறது. என் திருத்தம் நிலைத்திருந்தால், அறிக்கையையும் அவர் பேச்சையும் இணைக்கும் கயிறு அங்கேயே அறுந்திருக்கும். அன்று முதல், படியெடுத்ததைப் பேசியவரிடமே படித்துக் காட்டாமல் நான் எதையும் சேர்ப்பதில்லை.

ஒவ்வொரு பதிவோடும் பேசியவர் பெயர், வயது, ஊர், தொழில், பதிந்த நாள், பதிந்தவர் பெயர், நிமிடவாரியாகப் பேசப்பட்ட பொருள், அதில் வரும் கரைச்சொற்களும் அவற்றுக்குப் பேசியவரே சொன்ன பொருளும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இணையுங்கள். இந்தத் தாள்தான் பதிவைத் தேடிக் கண்டுபிடிக்க வழி. ஒரு மணி நேரப் பதிவை முழுவதும் கேட்க யாருக்கும் பொறுமை இராது. ‘கரைவலை, 14-ஆம் நிமிடம்’ என்றிருந்தால் தேடி வருவார்கள்.

ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் பதிவின் தொடக்கத்திலேயே வாய்மொழியாக வாங்குங்கள். எல்லை கடந்த மீன்பிடிப்பு, கைது, கச்சத்தீவுப் பக்கம் நடந்தவை போன்றவற்றைப் பேசினால், பேசியவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பிற்காலத்தில் தொல்லை வரக்கூடும். அத்தகைய பகுதியை இத்தனை ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று மூடி வைக்கவும், அவர் மனம் மாறினால் திரும்பப் பெறவும் உரிமை உண்டு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியையும் உங்கள் மாணவர்கள் ஒருநாள் போய்ப் பார்க்கட்டும். கரையின் பேச்சை ஒலிவாங்கிக்கு முன் இயல்பாக வரவழைப்பது எப்படி என்பதை அங்கே கற்கலாம்.

பழைய அரசு அறிக்கையை முழுமையாகப் படமெடுத்து எங்கள் ஊர் நூலக இணையதளத்தில் வெளியிட்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், மண்டபம்

1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீடுகளுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டை அடுத்து வரும் ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1965-இல் அச்சான அறிக்கை 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து பொதுவுடைமை. செய்தித்தாளில் பெயரோடு எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் கணக்கு வேறு: எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள்.

1964 புயலில் கடலுக்குள் போன 653-ஆம் எண் ரயிலில் 115 பேர் இருந்ததாகச் சில இடங்களில் உள்ளது. இருநூறுக்கும் மேல் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– ஒரு வாசகி, பாம்பன்

இரண்டையும் எழுதிவையுங்கள், ஒவ்வொன்றும் எதை எண்ணியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட அந்த ரயிலில் பயணிகள் 110 பேர், ஊழியர் 5 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பயணிகளின் எண்ணிக்கை விற்ற சீட்டைக் கொண்டு வருவது. சீட்டில்லாமல் ஏறியவர்களை எந்தச் சீட்டுப் புத்தகமும் எண்ணாது. உங்கள் பெரியவர்கள் எண்ணுவது வீடு திரும்பாதவர்களை. இரண்டு கணக்கும் இரண்டு கேள்விகளுக்கான விடைகள். ஒன்றைப் பொய்யென்று தள்ளவும் கூடாது, இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணை நாமாக எழுதிவிடவும் கூடாது.

மேலும் தேட வழி இருக்கிறது. நாடாளுமன்ற மின்னூலகத்தில் மக்களவை நடவடிக்கைகள் 1952 முதல் உள்ளன. புயலை அடுத்த 1965 தொடக்கக் கூட்டத்தொடரில், ரயில்வே அமைச்சராக இருந்த எஸ்.கே. பாட்டீலின் பெயரையும் தனுஷ்கோடியின் பெயரையும் இணைத்துத் தேடுங்கள். மறுபுறம், உங்கள் தெருவில் தொடங்கி ஒவ்வொரு தெருவிலும் அந்த ரயிலில் போனவர் யார், யாருடைய மகன், எதற்காகப் போனார், அதைச் சொன்னவர் யார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரே பெயரை இருவர் தனித்தனியே சொன்னால் இருவரையும் குறியுங்கள். அந்தக் குறிப்பேட்டின் படத்தை எனக்கு அனுப்பினால், ரயில்வே அறிக்கைகளுக்குப் பக்கத்தில் அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று நாம் சேர்ந்து முடிவு செய்வோம்.